இடது தொடை எனக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? மகளுக்கு எலும்பு வீக்கம் வடிந்து, தோலில் சீழ்க்கொப்புளங்களும் காய்ந்துவிட்டதாக எழுதி என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள். கூடவே, "அத்தை ஊசி போட்டா வலிக்கவே இல்லையாம்" என்றும் எழுதியிருந்தீர்கள். அதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

பத்து வருட நர்ஸ் நான். அங்கே வீட்டில் இருந்தபோது, வேலைக்கு ஓடும் அவசரத்தில், பிரிட்ஜிலிருந்து எடுத்த தினசரி ஊசியை மகளுக்குச் சில்லென்றே குத்துவேன். வீடு அதிர அழுவாள். உங்கள் தங்கையோ ஊசியை மேசையில் வைத்து, குளிர் விடும்வரை மகளையே அதற்குக் காவல் வைக்கிறாளாம். அவள் "சரி" என்ற பிறகுதான் போடுவாளாம். பெரிய சாமர்த்தியசாலிதான்.

நேற்று வார்டில், நம் மகளுக்கு வந்த அதே அபூர்வ நோய் உள்ள ஒரு சிறுமி ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். அவளையும் ஊசிக்குக் காவல் வைத்தேன். அழவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தா?" என்று தலைமை நர்ஸ் கேட்டார். "என் யோசனைதான்" என்றேன். உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துவிடும்; தினம் எந்தத் தொடையில் போட்டது என்று காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். நான் லீவில் ஊருக்கு வருகிற வாரம் இடது தொடையில் யாரும் கைவைக்கக் கூடாது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நான் ஊசி போடும்போது அவள் அழுதாலும் பரவாயில்லை, என்னிடம் அழட்டும்.

உங்கள் மனைவி