கிணற்றடியில் வெட்டிய குழி

என் அன்புத் தர்சினி,

நீ போன பிறகு இங்கே ஒரு மரமும் வெட்டவில்லை. அதை முதலில் சொல்கிறேன். மற்றதைச் சொல்லக் கடினமாக இருக்கிறது.

கோப்பாயில் உன் அப்பாவின் காணி. நான்கு மண்வீடுகள், ஒரு கிணறு, மண்ணைக் கெடுக்காமல் சேர்ந்து வாழ வந்த நாம். அந்தக் கிணறு கெடக்கூடாது என்றுதான் குழிக் கக்கூஸ் வேண்டாம், சாம்பல் போடும் கழிப்பறை போதும் என்றாய். ஊர் சிரித்தது. நீ அசையவில்லை.

உன் அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, சொந்தக்காரர் வருகிறார்கள் என்றதும் உன் அம்மா எங்கள் கூட்டத்துக்கு வந்தார்.

"கனடாவிலை இருந்து வாற சனத்திட்டைச் சாம்பல் வாளியைக் குடுக்கிறதே? ஒழுங்கான கக்கூஸ் ஒண்டு கட்டுங்கோ பிள்ளையள்."

"ஓம் அன்ரி, அவைக்குச் சாம்பல் போடப் பழக்கிறதுக்குள்ளை விசா முடிஞ்சிடும்" என்றான் நம் ரமணன்.

சிரித்தோம். ஒருவர் மறுத்தாலும் எதையும் செய்வதில்லை என்பது நம் விதி. மறுப்பவள் எப்போதும் நீ. அன்று நான் மறுத்திருக்கலாம். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி?

வாழைகளை வெட்டக்கூடாது, மாமரத்தின் வேரைத் தொடக்கூடாது என்று இடம் தேடினோம். மிஞ்சியது கிணற்றடி; அங்கேயே குழி வெட்டினோம். கீழே சுண்ணாம்புக்கல், முழுக்க வெடிப்பு. குழியில் விழுவது கிணற்றில் ஊறும். இதைப் படித்தவர்கள் நாம். மரத்தைக் காத்தோம். தண்ணீரை விட்டோம். உன் பெயரால்.

சடங்கு நன்றாக முடிந்தது. எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள்.

நேற்று, பக்கத்து வளவுச் செல்வியக்கா குடத்தோடு வந்து தண்ணீர் நிரப்பினார். அவர்கள் தண்ணீர் அள்ள வேலியில் வழி வெட்டிப் படலை வைத்துக் கொடுத்தவள் நீதான்.

"சின்னவளுக்கு வயித்தாலை போகுது, வாசுகி. தண்ணி குடிக்கலாம்தானே?"

ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஏன் திறந்தேன்?

"குடிக்காதேங்கோ அக்கா." குழியைக் காட்டினேன். அவர் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

உன் அம்மாவிடமும் சொன்னேன்.

"முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. அவள் சொன்னா நான் கேக்கிறனான். நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பன்."

நாளை குழியை அள்ளி மூடுகிறோம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்று. நல்லது என்று வரும்வரை செல்வியக்கா வீட்டுக்குக் குடிநீர் நான் சுமப்பேன். பிறகும் கெட்டதென்றே வந்தால், அதையும் அந்தப் படலையில் நின்று நானே சொல்வேன்.

உன் அம்மாவை இனி அன்ரி என்றல்ல, அம்மா என்றே கூப்பிடும்
உன் சகோதரி,
வாசுகி