அதே பதில்

மண்டூருக்குப் போகும் வீதியில் இன்று ஒரு சின்னப் பாலத்துக்குக் கொங்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு விரித்திருந்தார்கள். நனைந்த சாக்கும் சீமெந்தும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டு உன்னோடு பேசத் தொடங்கிவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கான பரீட்சைக்கும் ஒன்றாகவே படித்தோம். காத்தான்குடியில் உன் வாப்பாவின் புடவைக் கடைக்கு மேலிருந்த அறையில், ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருப்போம். தேத்தண்ணியோடு ஏறி வரும் உன் உம்மா, "இன்னும் படிச்சி முடியல்லயா புள்ளைகள்?" என்பார்.

அந்த வருடம்தான் வயல் வட்டைக்குப் போகும் வீதியில் கட்டிய பாலத்தை நீ உடைக்க வைத்தாய். பரிசோதனைக்கு அனுப்பிய கொங்கிரீட் கட்டிகள் போதிய பலமில்லாமல் நொறுங்கியிருந்தன. "சின்னப் பாலந்தானே மிஸ், கையெழுத்தப் போடுங்க" என்றார் நம் மேலதிகாரி.

"நெல்லு மூட்டைக்கு மேல ஆக்களையும் ஏத்திக்கிட்டு உழவு மெஷின் வரும் சேர். நான் போடமாட்டன்."

அவர் கொழும்புக்குப் போயிருந்த நாளில் நீயே நின்று அதை உடைப்பித்தாய்.

நேர்முகப் பரீட்சையில் மூவர் குழு அதையே பிடித்துக்கொண்டது. உடைக்க யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார்கள். "ஒருவரும் தரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவள் நான்" என்றாய். சித்தியில்லை என்று முடிவு வந்தது. நிர்வாக ஒழுங்கு போதாதாம். நான் சித்தியடைந்திருந்தேன்; உன்னைப் பார்க்கவே கூசியது. நீயோ எனக்குக் கேக் வாங்கி வந்து, "மூஞ்சத் தூக்கி வெச்சிருக்காத. உன்ட சந்தோசத்தையும் நான்தான் படணுமா?" என்று அதட்டினாய்.

அடுத்த முறை நீ கிளம்பும்போது நான் கெஞ்சினேன். "மேலதிகாரியோட கதைச்சிப்போட்டுத்தான் உடைச்சன் எண்டு சொல்லு கா. ஒரு வசனந்தானே."

"அதே கேள்வியக் கேட்டா அதே பதிலத்தான் சொல்லுவன். மறுகா அவங்கட விருப்பம்."

கேட்டார்கள். சொன்னாய். "நாளைக்கும் உடைப்பேன்" என்று கூடுதலாக வேறு சொல்லிவிட்டு வந்தாயாம். இந்த முறை சித்தி. பதிலில் நீ ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாறியது அவர்கள்தான்.

நோய் அதற்குப் பிறகு உனக்கு அதிக காலம் தரவில்லை. கட்டிலில் கிடந்தபோதும், "மிஸ், ஊசி போடணும்" என்ற தாதியிடம், "எஞ்சினியர் எண்டு கூப்பிடுங்க. ரெண்டு தரம் போய் எடுத்த பட்டம்" என்றாய். உன் உம்மாகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இந்த வருடம் என்னையும் அந்தப் பரீட்சைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஏறாவூரிலிருந்து வந்த பொறியியலாளர் ஒருவர், தரமில்லாத மதிலொன்றைத் தானே இடிக்க வைத்ததாகச் சொன்னார். என் பக்கத்திலிருந்தவர் உடனே, "யார் உங்களுக்கு அதிகாரம் தந்தது?" என்று தொடங்கினார்.

"அதைப் பிறகு கேட்போம் சேர்" என்று குறுக்கிட்டேன். "அந்த மதில் நின்றிருக்குமா என்று முதலில் கேட்போம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே இருக்கட்டும். அந்த நாற்காலியில் நான் இருக்கும்வரை இதுதான் முதல் கேள்வி. உன்னிடம் இரண்டு முறையும் ஒருவரும் கேட்காத கேள்வி.