துணி சுற்றிய வலது கை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அது என் பேச்சைக் கேட்டு எத்தனையோ காலமாகிறது. நீ நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை, ஆனால் உன் கடிதத்தைப் படித்ததுமே, பிள்ளைக்கு அம்மாவோடு இவ்வளவு சண்டை போடத் தெம்பிருக்கிறது, அப்படியென்றால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொண்டேன். மருமகளுக்கு இருமல் நின்றதா? அந்த ஊர்க் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதீர்கள். அக்கா வாரம் ஒருமுறை வந்து, அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறாள், பிறகு நான் என் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு கிடக்கிறேன். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

பதிப்பக முதலாளி அனுப்பிய சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவின் பெயரைச் சந்தி சிரிக்க வைக்காதே, இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்றும் எழுதியிருக்கிறாய். கண்ணா, இந்த வேலைக்குத்தான் முப்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். புகழ்பெற்றவர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எது நடந்தது, எது நாமாகச் சேர்த்தது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லும் புத்தகம் இது. ஊரறிந்த ராஜாவைப் பற்றி எழுதினேன், யாரும் வாயைத் திறக்கவில்லை. கடல் தாண்டிப் போன மாலுமியைப் பற்றி எழுதினேன், முதலாளி ஆகா ஓகோ என்றார். நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம் நடத்திய அம்மையாரிடம் வந்தபோதுதான் எல்லோரும் குறுக்கே வந்து நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அப்பா வரைந்த படத்தைப் போட வேண்டும், அப்பா போன பிறகு படம் நம் மூன்று பேருக்கும் சொந்தம், அக்காவும் நானும் கையெழுத்துப் போட்டாயிற்று, நீ ஒருத்தன்தான் பிடிவாதம் பிடிக்கிறாய்.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு இது ஏதோ கிழவியின் வீம்பு என்று நினைக்கிறாய், அதனால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன் கேள். மாடி வீட்டில் நர்ஸம்மா குடியிருக்கிறாளே, அவள் மகள், நாம் வாயாடி என்று கூப்பிடுவோமே, அந்தக் குட்டி, அம்மையார் பெயரில் உள்ள பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். அங்கே ஆண்டு விழா அன்று எல்லாப் பிள்ளைகளும் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வர வேண்டும். அம்மையார் எரிகிற வகுப்பறைக்குள் கையை விட்டுப் பிள்ளைகளை இழுத்துக் காப்பாற்றினார், கை வெந்தது, ஆனாலும் அவருக்கு வலிக்கவே இல்லை என்று பாடம். இந்த வருஷ நாடகத்தில் வாயாடிக்கு அம்மையார் வேஷம். துணிச்சல் உள்ளவர்களுக்கு வலி தெரியாது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். குட்டி என்ன செய்தாள் தெரியுமா, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்து உள்ளங்கையை நீட்டியிருக்கிறாள். அலறல் கேட்டு நான் இந்த முழங்காலோடு மாடியேறினேன். நர்ஸம்மா ஈரத்துணியோடு ஓடிவந்து தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்க்கிறாள், குட்டி அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. “அம்மையாருக்கு வலிக்கலையாமே பெரியம்மா, எனக்கு மட்டும் ஏன் வலிக்குது? நான் பயந்தாங்கொள்ளியா?” கொப்புளம் ஆறிவிட்டது, நல்லவேளை பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தீயும் இல்லை ஒரு புகையும் இல்லை என்று சொன்னேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் படம் வரையப்பட்டபோது நான் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அம்மையாரின் ஒரே ஒரு போட்டோதான் மிஞ்சியது, அதுவும் கழுத்து வரைக்கும். மீதி உடம்பை அப்பாதான் கற்பனையில் வரைய வேண்டியிருந்தது. உன் அப்பாவுக்கு முகம் வரையக் கொடுத்தால் உயிரோடு எழுந்து வரும், கை வரையச் சொன்னால் கதை கந்தல். அச்சுக்குப் போகும் முன்னால் அவர் படங்களில் விரல் எண்ணுவதுதான் பதிப்பகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு மந்திரிக்கு ஆறு விரலைக் கண்டுபிடித்துத்தான் அவரோடு முதன்முதலில் பேசினேன். அதற்குப் பிறகு அவர் கெட்டிக்காரராகிவிட்டார், ராஜாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள், புலவர்கள் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். அம்மையாரின் இடது கையில் புத்தகத்தைக் கொடுத்து மறைத்துவிட்டார், வலது கையை அழித்து அழித்து வரைந்ததில் தாளே கிழிகிற நிலை. அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறான். “துணியச் சுத்திட்டேன், ஏதோ அடிபட்டிருக்குன்னு நெனச்சுக்கட்டும்” என்று சொல்லிப் படத்தை நீட்டினார். இவ்வளவுதான் அந்தத் தீயின் கதை.

பிறகு யாரோ ஒரு பேச்சாளர் மேடையில் அந்தத் துணிக்குக் காரணம் கற்பித்தார், அதை ஒருவர் புத்தகத்தில் எழுதினார், அதைப் பார்த்துப் பாடம் எழுதினார்கள். அப்பா இதைச் சொல்லாத ஆளில்லை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலை வைத்தபோது சிற்பியிடமே போய்ச் சொன்னார், சிற்பி, ஐயா சும்மா இருங்கள், எனக்கும் விரல் செதுக்கும் வேலை மிச்சம் என்றாராம். அதைச் சாப்பாட்டு மேஜையில் அப்பா நடித்துக் காட்டியபோது நீயும்தான் புரையேறச் சிரித்தாய், மறந்துவிட்டாயா?

வாயாடிக்கு வாய் சும்மா இருக்குமா, மறுநாள் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். டீச்சர் அவளைப் பொய்க்காரி என்று சொல்லி, வேஷத்தைப் பிடுங்கி வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் இப்போது அவளோடு சேர்ந்து உட்காருவதில்லை. நான் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். அவளும் கெட்டவள் இல்லை, காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசினாள், பிள்ளைகளுக்கு ஒரு வீரக்கதை வேண்டும் அம்மா, அதில் நீங்கள் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள் என்றாள். அவள் சேலையில் குத்தியிருந்த பள்ளிக்கூட பேட்ஜிலும் துணி சுற்றிய கை. முதலாளியோ நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார், தீயில் காப்பாற்றியதாகச் சொல்வார்கள் என்று எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லையாம். சொல்வார்கள் என்று எழுதினால் பொய் உண்மையாகிவிடுமா? பூசி மெழுக என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம், சங்கடத்தில் நெளிந்தார், கடைசியில் குடும்பத்தார் மூவரும் சம்மதித்தால் உங்கள் விருப்பப்படியே போடுகிறேன் என்று உன் தலையில் கட்டிவிட்டார். மகன் மறுப்பான் என்று அவருக்கு ஒரு நப்பாசை, நீயும் அவர் ஆசையை நிறைவேற்றி வைக்கிறாய்.

வீரக்கதை வேண்டுமாம். அம்மையாரிடம் படித்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன், ஒருவரும் தீ என்ற பேச்சையே எடுக்கவில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான், அவர் தினமும் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். கதவை முகத்தில் அறைந்தவர்கள் வீட்டுக்கே மறுநாளும் போய் நிற்பார். ஒரு வீட்டு வாசலில் அம்மையார் மேல் அழுக்குத் தண்ணீரை ஊற்றினார்கள் என்றும், அன்று வகுப்பில் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதார் என்றும் ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். வலித்திருக்கிறது ஐயா அந்த அம்மாளுக்கு! வலித்தும் மறுநாள் போயிருக்கிறார். இதைச் சொன்னால் வாயாடிக்குப் புரிகிறது, பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை. அந்த அம்மாள் வருஷக்கணக்கில் நடந்த நடையை அழித்துவிட்டு, நடக்காத ஒரு தீயை வைத்துக் கும்பிடுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிறாய். சிரிக்கட்டுமே, அவரே சிரித்தார். கை வரைய வராதது ஒரு குற்றமா? அந்தப் படத்தில் அம்மையாரின் கண்ணைப் பார், நம்மிடம் ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி இருக்கும், அது உன் அப்பா வரைந்தது, அதை யாராலும் பிடுங்க முடியாது. நானும் அவரை நினைத்து அழாத நாள் இல்லை, உனக்கு மட்டும்தான் அப்பா மேல் பாசம் என்று நினைக்காதே. அவரைப் பொய்க்குக் காவல் நிறுத்த மட்டும் நான் விடமாட்டேன். அவர் சொன்ன உண்மையைத் திருப்பிச் சொன்னதற்காக ஒரு சின்னப் பெண் வகுப்பில் பொய்க்காரி என்று பெயர் வாங்கித் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பரிந்து பேச இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், அதில் ஒருத்தன் வெளிநாட்டில் கௌரவம் பார்த்துக்கொண்டிருக்கிறான். உன்னை நான் அப்படி வளர்க்கவில்லை.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும், சண்டை போட்டாலும் அம்மாவுக்குக் கடிதம் போடுவதை நிறுத்தக் கூடாது. மருமகளிடம் இதைக் காட்டு, அவள் நியாயஸ்தி. சம்மதக் கடிதத்தை அடுத்த தபாலில் அனுப்பிவிடு. அனுப்பாவிட்டாலும் அந்தப் பக்கம் நிற்காது, உன் கடிதம் வந்ததும் முதலாளியிடம் மறுபடி பேசி முடித்துவிட்டேன். படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் இருக்கும், அதன் கீழே ‘ஓவியரின் மகன் சம்மதிக்கவில்லை’ என்று அச்சாகும். நடந்ததை மட்டும் எழுதுகிற புத்தகம் அல்லவா, நீ மறுத்ததும் நடந்ததுதானே.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும், ஆனால் இதில் ஓர் அடிகூட இறங்கி வராத
அம்மா