கார்மினேயின் தோளுக்கு வந்த மாற்று

அன்பு மகன் கார்மினேவுக்கு அம்மா எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சௌக்கியம். ஸ்டுட்கார்ட்டில் நீயும், உனக்கு லீவு தராத அந்த முதலாளியும் சௌக்கியம்தானே? நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளிச் சட்டை, அதற்குள் எலும்பும் தோலும். வெறும் உருளைக்கிழங்காகத் தின்றால் அப்படித்தான்.

இந்த வருஷமும் நம்மூர் புனித ரோக்கு திருவிழாவுக்கு நீ வரவில்லை. போன வருஷம் தூக்க ஆளில்லாமல் கோசிமோவின் காய்கறி வேனில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே புனிதர் பவனி போன கூத்தை எழுதியிருந்தேன். இந்த முறை பாதிரியார் கறாராகச் சொல்லிவிட்டார், தோள் இருந்தால் பவனி, இல்லையென்றால் புனிதரின் சிலை கோவிலை விட்டு இறங்காது என்று. இளவட்டமெல்லாம் மிலானிலும் ஜெர்மனியிலும், மிச்சம் இருப்பது மூட்டுவலிக்காரர்கள். எப்படி எண்ணினாலும் ஒரு தோள் குறைந்தது, அது உன் தோள். அப்பாவுக்குப் பிறகு உனக்கு வந்த, சிலையைச் சுமக்கும் அந்த முன்தண்டு இடத்தை நான் எப்ரிமாவுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள், கொஞ்சம் ரத்தம் சூடாகட்டும்.

எப்ரிமா காம்பியா நாட்டுப் பையன், படகில் கடல் தாண்டி வந்தவன். வெங்காய வயலில் கூலி வேலை, பூட்டிக் கிடந்த தையற்காரர் வீட்டில் குடித்தனம், இத்தாலியில் தங்க அனுமதி இன்னும் வந்தபாடில்லை. முஸ்லிம். புனிதரைத் தூக்கலாமா என்று போனில் அவன் அம்மாவிடம் கேட்டானாம், கிழவர்களுக்குச் சுமை தூக்கிக் கொடுக்கறதுல என்னடா பாவம் என்றாளாம். குதித்தது கோசிமோதான். வந்தவன் போனவனெல்லாம் தூக்க புனிதர் என்ன வெங்காய மூட்டையா என்றார். புனிதரு மட்டும் நம்மூர்லயா பொறந்தாரு, பிரான்சுலேருந்து நடந்து வந்தவருதானே என்று பாதிரியார் கேட்டதும், முகத்தைத் திருப்பிக்கொண்டே போய் மறு தண்டைப் பிடித்தார். இரண்டு வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். சாத்தட்டும், வெயிலுக்கு நல்லது.

தூக்குகிறவன் வாசலில் எல்லாம் பவனி நிற்கும், அம்மாக்காரி மகனின் வியர்வையைத் துடைத்து ஒரு கிளாஸ் ஒயின் கொடுப்பாள், உனக்குத் தெரியாததா. தையற்காரர் வீடு வந்தது. தனக்கு யார் இருக்கிறார்கள் என்று எப்ரிமா குனிந்த தலையோடு நடந்துகொண்டே இருந்தான். கோசிமோ திடீரென்று காலை ஊன்றி, நில்லுங்கடா, இது இவன் வீடு என்று கத்தினார். நின்றார்கள். வாசலில் யாரும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, துண்டும் கிளாஸுமாக ஓடினேன், முழங்காலாவது மண்ணாவது. துடைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் ஒயினை அவன் வாயருகே நீட்டிவிட்டேன்! அவன் அதைத் தொடமாட்டானே! கோசிமோ கிளாஸைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பிள்ளைக்குத் தண்ணி கொண்டா அசுந்தா, வெறும் தண்ணி என்றார். எப்ரிமா சிரித்த சிரிப்பில் புனிதரே ஒரு ஆட்டம் ஆடினார்.

மறுநாள் அவன் தன் அம்மாவைப் போனில் காட்டினான். அவள் சொன்னதை எனக்குச் சொல்லத் தயங்கினான், நான் விடவில்லை. என் பிள்ளைக்கு நீங்க துடைச்சு விட்டீங்க, உங்க பிள்ளைக்கு அங்க யாரு இருக்காங்க என்று கேட்டாளாம். அதற்குப் பதிலை, கார்மினே, நீதான் எழுத வேண்டும்.

புனிதர் உன்னைக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. அடுத்த வருஷம் வந்தால் முன்தண்டை எப்ரிமாவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், என்னிடம் வராதே.

துண்டோடு வாசலில் நிற்கும் உன் அம்மா,
அசுந்தா