தொழில்: நடிகை

அக்கா,

இன்று பள்ளியில் நாடகப் பெட்டியைத் திறந்தார்கள். ஆண்டு விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தகர மூடியைத் தூக்கியதும் பான்கேக் மேக்கப்பும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் குனிந்து இன்னொரு முறை முகர்ந்தேன். மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கி எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்போது உங்கள் காதோரத்தில் இருந்த வாசனை அது. "எவ்வளவு தேய்ச்சாலும் காதுக்குப் பின்னாடி ஒரு அம்மா ஒட்டிக்கிட்டே வர்றாடி" என்பீர்கள்.

அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோதுதான் தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளி ஆண்டு மலரில் 'எங்கள் ஊர்ப் பெண்மணி' என்ற தலைப்பில் வகுப்புக்கு ஒரு கட்டுரை வருகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னுடையதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் உங்களைப் பற்றி எழுதியிருந்தேன். நான்கு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று டீச்சரே சொன்னார்கள். ஒரே ஒரு சொல்லைத்தான் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். முதல் வரியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'நடிகை'. அதற்கு மேலே 'கலை ஆர்வம் மிக்க குடும்பப் பெண்' என்று எழுதியிருந்தார்கள்.

"புரியுதாம்மா? பேரண்ட்ஸ் எல்லாம் படிப்பாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் படிப்பாங்க. நாளைக்குக் காலையில மாத்தி எழுதிக் கொண்டு வந்துடு. இல்லன்னா பிரஸ்ஸுக்குப் போற கட்டுல இது இருக்காது."

டீச்சர் இதை அன்பாகத்தான் சொன்னார்கள். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கோபத்தைச் சொல்ல வேறு ஆள் கிடைக்காததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அடையவளஞ்சான் வீதியில் எங்கள் மாடிக்கு நீங்கள் குடிவந்தபோது எனக்குப் பதினொரு வயது. உங்களை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். "வேண்டாம், ஊசி போட வர்ற நர்ஸ் மாதிரி இருக்கு. அக்கான்னு கூப்பிடு. அம்மான்னு மட்டும் கூப்பிட்டுடாத, அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கணும்" என்றீர்கள். எனக்கு அப்போது அது புரியவில்லை.

அந்த மாதமே ரேஷன் கார்டுக்கு விவரம் எழுத ஒருவர் வந்தார். பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டுத் தொழில் என்ன என்று கேட்டார்.

"நடிகை."

அவருடைய பேனா நின்றுவிட்டது. "இல்லத்தரசின்னு போட்டுக்கறேங்க. கௌரவமா இருக்கும்."

"யாருக்கு?"

"இல்லங்க, நாளைக்கு ஒரு ஆபீஸ் கீபீஸ்னு போனா..."

"நான் கல்யாணமே பண்ணிக்கல சார். இல்லமும் வாடகை இல்லம். இதுல எங்கேர்ந்து அரசி ஆவறது? பதினெட்டு வருஷமா என்ன பண்றேனோ அதை எழுதுங்க."

அவர் வேண்டாவெறுப்பாக எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'நடிக்கை' என்று இருந்தது. "சார், நடுவுல 'க்' வராது" என்றேன். அவர் என்னை முறைத்தார். நீங்கள் கண்ணடித்தீர்கள். அன்றைக்கே நான் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

பிறகு உங்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திருச்சியில் ஒரு நாடகக் குழுவில் கதாநாயகியாக இருந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் போனீர்கள். முதல் படத்தில் கதாநாயகிக்குத் தோழி. இரண்டாவது படத்தில், அம்மா வேஷம் போட வேண்டியவருக்குக் காய்ச்சல். "இந்தப் பொண்ணு உயரமா இருக்கு, நிக்க வைங்க" என்று யாரோ சொன்னார்களாம். உங்களுக்கு இருபத்தாறு வயது. தலையில் வெள்ளைப் பவுடரைத் தூவினார்கள். மகனாக நடித்தவருக்கு நாற்பது. "அம்மான்னு கால்ல விழுந்தாரு. எழுந்திரிக்க நான்தான் கை குடுத்தேன்" என்று சிரித்தீர்கள். அன்றைக்குத் தூவிய பவுடரை அதற்குப் பிறகு யாரும் துடைக்கவில்லை. படத்துக்குப் படம் அம்மாதான். அதுவும் மூன்றாவது ரீலில் இறந்துபோகிற அம்மா. மீதிப் படம் முழுவதும் சுவரில் மாலை போட்ட போட்டோவாகத் தொங்குவீர்கள்.

ஆனால் நீங்கள் அதைச் சும்மா செய்யவில்லை. வசனத்தாளில் எப்போதும் 'அம்மா' என்று மட்டும்தான் இருக்கும். "இந்த அம்மாவுக்குப் பேரு என்ன?" என்று நீங்கள் கேட்பீர்களாம். "அம்மாதாங்க பேரு" என்பாராம் உதவி இயக்குநர். "ஏன் தம்பி, உங்க அம்மாவுக்குப் பேரு வைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, நீங்களே ஒரு பெயர் வைத்து நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஊர், அப்பா என்ன வேலை பார்த்தார், சமையலில் உப்புக் கூடவா குறைச்சலா, எல்லாம் எழுதுவீர்கள். டிவி நாடகங்கள் வர ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்.

ஒருமுறை செங்கமலம் என்று வைத்தேன்.

"எந்த ஊரு?"

"மணப்பாறை. மாட்டு வியாபாரி வீட்டுப் பொண்ணு."

"அப்ப குரல் கொஞ்சம் ஒசரணும். சந்தையில கத்திக் கத்திப் பேசற அப்பன்கிட்ட வளந்தவ" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றீர்கள். இரண்டே வரி வசனம். அதைக் கையில் அரிசி களைந்துகொண்டே எத்தனை விதமாகப் பேசிப் பார்த்தீர்கள்! மகனுடைய வரிகளை நான் படித்தேன். "நீ படிக்கிறது நியூஸ் மாதிரி இருக்குடி. பரவாயில்ல, ஹீரோவும் அப்படித்தான் படிப்பாரு" என்றீர்கள்.

அந்தச் செங்கமலத்தால்தான் எங்கள் தெருவே ஏமாந்தது. கொடைக்கானலில் டவர் வந்து, டிவியில் தமிழ் தெரிய ஆரம்பித்த புதிது. நாடகம் ஒளிபரப்பான செவ்வாய்க்கிழமை நீங்கள் மெட்ராஸில் இருந்தீர்கள். எங்கள் வீதியில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை வந்தபோது திரையில் உங்கள் முகம். மாலை, ஊதுபத்தி, பின்னால் அழுகைச் சத்தம். அவ்வளவுதான், மறுபடி கரண்ட் போய்விட்டது. நான் "நாடகம்மா, நாடகம்" என்று கத்தினேன். "நாடகத்துக்கு யாருடி நிஜப் போட்டோவுக்கு மாலை போடுவா?" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி குளிக்காமல் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுப் போய்த்தான் குளிப்பது எங்கள் தெரு வழக்கம். பூக்காரம்மா வந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது நீங்கள் பையோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினீர்கள்.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன ஆச்சு?"

பூக்காரம்மாதான் சொன்னார். "நீங்கதாங்க... போயிட்டீங்க."

நீங்கள் ஒரு நிமிடம் எல்லோருடைய முகத்தையும் பார்த்தீர்கள். "சரி. செத்தவ ரொம்பக் களைச்சுப் போய் வந்திருக்கேன். யாராச்சும் ஒரு காபி போடுங்க."

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். "பாத்தியா? இத்தனை பேரைக் குளிக்காம வர வச்சிருக்கேன். நல்லாத்தான் செத்திருக்கேன்." நீங்கள் அவ்வளவு பெருமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

போன வருடம் ஒருநாள் நீங்கள் பெரிய கடை வீதிக்குப் போக வேண்டும் என்று என்னோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்தீர்கள். எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தீர்கள். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் என் வகுப்புப் பெண் ஒருத்தி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது கேட்டாள். "நான் ஏறும்போது பின் சீட்டுலேர்ந்து உன்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்களே, அவங்க யாருடி? எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு."

"எங்க சொந்தக்காரங்க. டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் வீட்டில் சினிமாவே பார்க்க மாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடியே கேட்டீர்கள்.

"எந்த சப்ஜெக்ட் டீச்சர்?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். "கணக்குன்னு மட்டும் சொல்லிடாதடி, மாட்டிக்குவேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க நான் ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டே இருந்தேன். எனக்கு எதையும் திருத்தமாகத்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் அமைவதற்குள் புத்தூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று சேர்ந்தீர்கள். நான்காம் நாள் காலை, முனைக் கடைக்குப் போன் வந்தது.

கடைக்காரர் வந்து சொன்னபோது பூக்காரம்மா சிரித்தார். "மறுபடியுமா? போங்க சார், சாயங்காலம் ரிக்‌ஷாவுல வந்து எறங்குவாங்க." எதிர்வீட்டு மாமி, "ஒருதரம் ஏமாந்தாச்சு" என்று உள்ளே போய்விட்டார். அம்மாவும்தான். நான் அழுது அடம்பிடித்து அம்மாவை இழுத்துக்கொண்டு புத்தூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அதற்குள் அங்கேயே வீடு இருந்த உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓயாமாரிச் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார். பொய்யாகப் போனபோது குளிக்காமல் வந்தவர்கள், நிஜமாகப் போனபோது குளித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அண்ணன் அடித்த கருமாதிக் கார்டில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது. முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

இன்று மாலை அம்மாவிடம் கட்டுரையைக் காட்டினேன். மாடிப்படியில் நீங்கள் காபி கேட்ட இடத்தில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், "மாத்திக் குடுத்துடேன் கண்ணு. ஒரு வார்த்தைதானே? அச்சுல வந்தா அவங்களுக்கும் பெருமைதானே?"

"அச்சுல அவங்க வர மாட்டாங்கம்மா. யாரோ ஒரு குடும்பப் பெண்தான் வருவாங்க."

"நீ ரொம்பத்தான் படிக்கிறே" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாற்றித்தான் எழுதினேன், அக்கா. அடிக்கப்பட்ட சொல்லை அதே இடத்தில் திரும்ப வைத்தேன். தலைப்பிலும் வைத்தேன். பஸ்ஸில் நான் சொன்ன பொய்யை ஒரு பத்தியாகச் சேர்த்தேன். ஒரு முறை அந்தச் சொல்லை நானே அடித்திருக்கிறேன். இரண்டாவது முறை என் கை செய்யாது.

மேலே இருப்பது நேற்று எழுதியது.

இன்று காலை டீச்சரிடம் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்தார்கள். முழுவதும் படித்தார்கள். பஸ் பத்தி வந்ததும் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. ஆனா இது வராது."

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா இப்படி எழுதினே? முதல் தடவையா உன் பேரு அச்சுல வந்திருக்கும்."

"அவங்க பேருக்குப் பக்கத்துல அந்தச் சொல் இல்லாம என் பேரு வர வேணாம் டீச்சர்."

டீச்சர் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்துக்கு மரம் வளர்ப்பதைப் பற்றி எட்டாம் வகுப்புப் பெண் எழுதிய கவிதையைப் போடச் சொன்னார்கள்.

மதிய இடைவேளைக்குள் விஷயம் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. துறையூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண்தான் முதலில் ஓடிவந்தாள். "அடிச்ச வார்த்தை எதுடி? காட்டு, காட்டு." பழைய தாளைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "அட, ஏதோ கெட்ட வார்த்தைன்னுல்ல நெனச்சேன். இதுக்கா?" பிறகு மாற்றி எழுதிய கட்டுரையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து முழுவதும் படித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. படித்து முடித்ததும் கணக்கு நோட்டின் நடுவிலிருந்து தாளைக் கிழித்தாள்.

"எழுதிக்கிறேன். எங்க சித்தப்பா பொண்ணு டிராமாவுல நடிக்கணும்னு வீட்டுல அடி வாங்கிக்கிட்டு இருக்கா. அவளுக்கு அனுப்பணும்."

அவளைப் பார்த்து இன்னொருத்தி. அவள் எழுதுவதைப் பார்த்து இன்னும் இருவர். பஸ்ஸில் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் வாங்கிப் படித்தாள். அந்தப் பத்தி வந்ததும் என்னைப் பார்க்காமல், "எனக்கும் ஒரு பேனா குடு" என்றாள். கடைசி மணி அடிப்பதற்குள் ஏழு பிரதிகள் ஆகிவிட்டன. நான் எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்த்தேன். இரண்டு பேர் ஒற்றுப்பிழை விட்டிருந்தார்கள், திருத்திக் கொடுத்தேன். முதல் வரி ஏழிலும் சரியாக இருந்தது.

நாளைக்கு இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எட்டாவது பிரதியை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த சொல்லுக்கு வந்திருக்கிறேன். அடியில் இருக்கிற தாளிலும் பதியும்படி பேனாவை அழுத்தி எழுதுகிறேன், அக்கா.