குரல் நின்ற வாரம்

3.11.2008, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆபீஸ் டெலிபோன் போர்டில் பாதி லைன் கரகர. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் யாருடைய குடையோ கன்னத்தில் இடி. வாங்க வேண்டியது: புளி, எறும்பு சாக்பீஸ், அண்ணிக்குத் தைலம்.

மாலை கம்ப்யூட்டர் அருளின் மெயிலைப் படித்துக் காட்டியது. மாமல்லபுரத்தில் சிற்பக் கூடத்துக்குப் படம் வரைபவர். காது கேட்காது, பேச்சும் இல்லை. எனக்குப் பிறவியிலேயே கண் இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் இந்த மென்பொருளுக்குச் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் நாங்கள். சொற்பட்டியல் அவர் வேலை. தப்பாக உச்சரித்தால் சொல்வது நான். ஒரு நாளும் கேட்காத குரலை அவர்தான் திருத்தினார். நினைத்தால் சிரிப்பு.

மெயிலின் கடைசியில்: 'உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யோசித்து விரிவாக எழுதுகிறேன்.'

என்ன கேட்பார் என்று தெரியும். சரி என்றுதான் சொல்வேன். ராத்திரி இரண்டு தோசை கூடுதல்.

5.11, புதன்

கம்ப்யூட்டரின் குரல் போய்விட்டது. 'உரிமம் சரிபார்க்க முடியவில்லை' என்று ஒரு தரம். பிறகு கப்சிப். இதை விரல் பழக்கத்தில் தட்டுகிறேன்.

இலவசமாக இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. போன வருஷம் கம்பெனி ஆனது. புதுசு வேகமாகப் படிக்கும் என்றார்கள், பழசின் மேலேயே ஏற்றிக்கொண்டேன். புத்தி கெட்டவள். மாதா மாதம் அது கம்பெனியைக் கூப்பிட்டு அனுமதி கேட்கும். அந்தப் பக்கம் இப்போது ஆளில்லை. எங்கள் குழுவின் பழைய இணையப் பக்கமும் காணோமாம், ஆபீஸில் பார்த்துச் சொன்னார்கள்.

6.11, வியாழன்

முரளிக்குப் போன். இதை ஆரம்பித்தவர், கேளம்பாக்கத்தில் ஃபிளாட். முதலில் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "கம்பெனிய வேற ஒருத்தர் வாங்கி மூடிட்டாங்க. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க."

பழசையாவது கொடுங்கள் என்றேன். நிரல், அதாவது எழுதிய புரோகிராம், எல்லோருக்கும் பொதுவாம். பதிவு செய்த குரல் மட்டும் முதலிலிருந்தே அவர் பெயரில், அதையும் விற்றாயிற்றாம். கொடுத்தால் கேஸ். குரல் இல்லாத நிரலை வைத்து ஊறுகாயா போட? அவர் நல்ல மனிதர், திட்டவும் வாய் வரவில்லை.

இங்கிலீஷ் மென்பொருள் இருக்கிறது, தமிழ் படிக்காது.

8.11, சனி

மழை விட்டது. வாசலில் அண்ணி பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னைப் பற்றி: "அதுக்கு யாரு வரப்போறாங்க? கடசி வரிக்கும் நம்ம வூட்லதான் கீது." பாசமாகத்தான் சொன்னாள். அருள் விஷயம் தெரிந்தால் தெருவே சிரிக்கும். அண்ணன் என்னை வேலைக்கே விடமாட்டான்.

நேரில் போகலாமா? பஸ் இருக்கிறது. நான் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் எழுதுவது எனக்குத் தெரியாது. நடுவில் யாராவது உட்கார வேண்டும். யாரை உட்கார வைப்பது? அழுகையாக வருகிறது.

தைலம் மறந்துவிட்டேன்.

9.11, ஞாயிறு

இது கோப்பில் விழுகிறதா, தெரியவில்லை.

குரல் நின்ற அன்று மெயில் பெட்டியை மூட முடியாமல் விட்டது, அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. மத்தியானம் அண்ணி கம்ப்யூட்டரில் ஏதோ பார்க்க உட்கார்ந்தாள். "உனுக்கு மெயிலு வந்துகீது. யாரோ அருளாம். நான் படிச்சி சொல்லட்டா?"

விளம்பரமாக இருக்கும், அழித்துவிடுங்கள் என்றேன்.

அழித்தாள். "எம்மாம் நீட்டுக்கு எழுதிகீறாங்க," என்றாள்.