ஆறு கம்பியும் ஒரு பலகையும்

நவ. 15, சனி
வளைகுடா வெயில் இறங்கிவிட்டது. ஏசி அணைத்து ஜன்னலைத் திறந்தேன். சத்வா கடைவீதியில் ஒரு மரக்கடையில் பலகை வாங்கினேன். தேக்கு இல்லை, ஏதோ வெள்ளை மரம். அறுத்துக் கொடுத்த பெஷாவர்க்காரர், "பாய், ஷெல்ஃப் கே லியே?" என்றார், அலமாரிக்கா என்று. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு என்றேன். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

பாவம், அவருக்கென்ன தெரியும். ஆரம்பத்தில் குடம் வைத்த கிட்டாரில்தான் மின்சாரம் கொடுத்தார்கள். சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் ஓசை குடத்துக்குள் புகுந்து ஊளையிடும். யாரோ ஒருவர் குடமே வேண்டாம் என்று வெறும் கட்டைமேல் கம்பி கட்டினார். ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

கழுத்து பழைய கிட்டாரில் கழற்றியது. இனி வாங்க: காந்தம், மெல்லிய தாமிரக் கம்பி, தோசை மாவு.

வர்ஷாவிடம் சொல்லவில்லை. காலேஜுக்காகத் தாயும் மகளும் கோவை போனதிலிருந்து போனில் "ம்", "சாப்ட்டேன்", "அம்மாட்ட குடுக்கறேன்", அவ்வளவுதான். டிசம்பர் லீவுக்கு வருவாள். அவள் வாசிக்கத்தான் இது.

நவ. 21, வெள்ளி
அரைநாள் டியூட்டி. காந்தத்தைச் சுற்றித் தாமிரக் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். இரண்டு தடவை அறுந்தது. பிடரி வலி. யாரோடும் பேசவில்லை.

நவ. 22, சனி
ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் உர்ர் மட்டும். கம்பியைத் தட்டினால் மூச்சே இல்லை. மறுபடி சால்டரிங். ம்ஹூம். வேறு வழியின்றி வர்ஷாவுக்கு வீடியோ கால்.

"என்ன ஸ்டிரிங் பா அது?"

"நைலான். விரலுக்கு மெத்துனு இருக்குமேன்னு..."

"அப்பா. கீழ காந்தம். மேல நைலான். நீங்க எலெக்ட்ரிகல் இன்ஜினியர்."

ஸ்டீல் அதிர்ந்தால்தானே காயிலில் மின்சாரம். டிரான்ஸ்பார்மரோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். மானம் போயிற்று. ஆனால் விழுந்து விழுந்து சிரித்தாள், வெகுநேரம் பேசினாள். போகட்டும் மானம்.

நவ. 27, வியாழன்
ஸ்டீல் கம்பி மாட்டியாயிற்று. கோவையிலிருந்து மனைவி சுமதி போன். "அவ டிசம்பர்ல வரலையாமுங்க. பிரெண்ட்ஸோட மைசூர் போறாளாம். உங்ககிட்ட சொல்ல சங்கடப்படறா."

போகட்டும், சின்னப் பெண் என்றேன். வைத்தபிறகு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தோசை கருகியது. அதையே தின்றேன்.

நவ. 29, சனி
காலையில் அவளே கூப்பிட்டாள்.

"கோபமா பா?"

"இல்லடா."

"அப்ப வாசிங்க."

தட்டினேன். பலகை பேசியது.

"சூப்பர் பா. ஆனா ஃப்ளாட்டா இருக்கு. டைட் பண்ணுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஸ்டாப்."

ஒவ்வொரு கம்பியாக ஆறும் சரியாயின.

"அவ்வளவுதான் பா. வேற ஏதாவது இருக்கா?"

யோசித்தேன். ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாள்.

ஆறு முறுக்காணியையும் தளர்த்திவிட்டேன். நாளைக்குக் கூப்பிட ஒரு காரணம் வேண்டுமே.